கொரில்லா என்றொரு பட்டப்பெயர்: இயக்கப் பெடியன், அகதி, நினைவெழுத்தின் முரண்நகை

வடக்கில் 'பெடியள்' என்றார்கள். கிழக்கில் 'பொடியன்மார்' என்றார்கள். எண்பதுகளில் துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் அதே சொல். அந்தச் சொல்லோடுதான் சோறு கொடுத்தோம், அந்தச் சொல்லோடுதான் பயப்படவும் செய்தோம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், ஒரு ஊருக்குப் 'பொடியன்' ஆனவன் அடுத்த ஊருக்கு வேறொன்றாக இருந்தான்.

அன்று பெடியனாக இருந்தவர்களில் சிலர் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள். இயக்கத்தில் சேர்ந்தது, அடிபட்டது, தப்பியது, வெளிநாட்டில் கோப்பை கழுவியது எல்லாவற்றையும் அவர்கள் எழுதினார்கள். அந்த எழுத்துகளில் சிறந்தவை அழுகையாகவோ வீரப் புகழாகவோ இல்லை. அவற்றில் ஒரு கசந்த சிரிப்பு இருக்கிறது. முரண்நகை என்று நாம் சொல்வது அதைத்தான். அது எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்ல உதவுகிறது, எதை மறைக்கவும் உதவலாம் என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

முரண்நகை, அங்கதம், வஞ்சப்புகழ்ச்சி

இந்த மூன்றையும் நாம் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அங்கதம் ஒருவரைத் தாக்குவது. தொல்காப்பியம் அதை இரண்டாகப் பிரிக்கிறது: நேரடியாக வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோல் இகழ்வது. புறநானூற்றின் 95 ஆவது பாடலில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்க்கிறார். அவனுடைய வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டி, அழகாக இருக்கின்றன என்கிறார். அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பாராட்டுப் போலத் தொனிக்கிறது. ஆனால் யாருடைய ஆயுதம் போரைக் கண்டது என்பது கேட்பவனுக்குப் புரிந்துவிடும்.

முரண்நகைக்கு எதிரி ஒருவர் வேண்டும் என்றில்லை. சொல்லுக்கும் நடப்புக்கும் இடையில், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் விழும் இடைவெளியே அது. தன் வாழ்க்கையை எழுதுபவருக்கு இந்த இடைவெளி கையோடு வருகிறது. ஏனென்றால் நினைவெழுத்தில் 'நான்' எப்போதும் இரண்டு பேர். ஒருவன் பதினாறு வயதில் எல்லாவற்றையும் நம்பியவன். மற்றவன் நாற்பது வயதில் அதன் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுபவன். எழுதுபவன் இடையில் புகுந்து விளக்கம் சொல்லாமல், அந்தப் பையனை அவன் நம்பிக்கையோடேயே பேசவிட்டால் முரண்நகை தானாக உண்டாகிறது. விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது பிரசங்கமாகிவிடும்.

தந்தையின் பெயர், இயக்கத்தின் பெயர்

ஈழத்தமிழ் எழுத்தில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் சோபாசக்தியின் 'கொரில்லா'. 2001 இல் வெளிவந்தது. நாவல் என்று அச்சிடப்பட்டாலும் தன்வாழ்க்கைப் புனைவு என்றே பலரும் வாசித்தார்கள். சோபாசக்தி 1967 இல் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், அல்லைப்பிட்டியில் பிறந்தவர். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, எண்பதுகளின் நடுப்பகுதியில் வெளியேறினார். தாய்லாந்தில் சில வருடங்கள் அகதியாக இருந்து, 1993 இல் பிரான்சுக்குப் போனார்.

நாவலின் பெயரிலேயே முரண் தொடங்கிவிடுகிறது. கெரில்லாப் போராளி என்பதையும் காட்டுக் குரங்கையும் தமிழில் நம் சனம் ஒரே மாதிரி உச்சரிக்கும். கதையின் நாயகன் ரொக்கிராஜின் தகப்பன் ஊரில் பெயர்போன சண்டியன். அவருக்கு ஊர் வைத்த பட்டம் 'கொரில்லா'. அடிக்கும் தகப்பனிடமிருந்தும் அந்தப் பெயரிலிருந்தும் தப்பித்தான் பையன் இயக்கத்துக்குப் போகிறான். பட்டப்பெயர் அங்கேயும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஊர்ச் சண்டியனின் மகன், விடுதலைப் போராளியாகி, அதே பெயரோடு நிற்கிறான். இரண்டு வன்முறைகளையும் ஒப்பிட்டு ஒரு வரி தீர்ப்பும் எழுதாமல், ஒரு பட்டப்பெயரைக் கொண்டே எழுத்தாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, பையன் ஏன் போனான் என்ற கேள்வி. இயக்க வரலாறுகள் இதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன: 1983 யூலை, இன அழிப்பு, தாய்மண். அவை பொய்யல்ல. ஆனால் வீட்டில் அடி, பள்ளிக்கூடத்தில் அவமானம், சாதி, வறுமை, நண்பன் போய்விட்டான் என்ற பொறாமை, துவக்கின் கவர்ச்சி ஆகியவையும் காரணங்களாக இருந்தன. இந்தச் சிறிய காரணங்களைப் பெரிய காரணத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டும் துணிவு முரண்நகைக்கு உண்டு.

மனு எழுதுவது எப்படி

'கொரில்லா' ஒரு புகலிடக் கோரிக்கை மனுவோடு தொடங்குகிறது. இலக்கமிட்ட பந்திகள், திகதிகள், கைதுகள், சித்திரவதைகள். வெளிநாட்டில் 'கேஸ்' எழுதிய எவருக்கும் அந்த நடை தெரியும். ஒரு மனிதனின் வாழ்க்கை அரச அலுவலகத்துக்கு ஏற்ற அளவில் வெட்டப்படும் நடை அது.

இங்கே முரண் சட்டத்திலேயே இருந்தது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம், துன்புறுத்தலுக்கு நியாயமான அச்சம் உள்ளவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதே சமவாயத்தின் முதலாம் உறுப்புரையின் 'எஃப்' பிரிவு, போர்க்குற்றம் போன்ற பாரிய குற்றங்களைச் செய்தவர்களை விலக்குகிறது. ஆகவே இயக்கத்தில் இருந்தவன், தன் பயத்துக்கு உண்மையான காரணத்தைச் சொன்னால், அந்தக் காரணமே அவனைத் தள்ளிவிடக்கூடும். பிரான்சில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2003 டிசம்பர் சட்டத்திருத்தம் வரும்வரை அங்கே அரசு செய்த, அல்லது அரசு தெரிந்தே அனுமதித்த துன்புறுத்தலே பெரும்பாலும் கணக்கில் எடுக்கப்பட்டது. இயக்கத்துக்குப் பயந்து ஓடிவந்தவனுடைய பயம் சட்டத்தின் கண்ணில் பயமாகவே தெரியவில்லை. அவன் 'ஆமி' என்று எழுத வேண்டியிருந்தது.

இப்படித்தான் ஒரு உண்மையான ஆபத்து, பொய்யான காரணத்தோடு மனுவாக எழுதப்பட்டது. கேஸ் எழுதித் தருபவர் ஏற்கெனவே வென்ற கதையை மாதிரியாக வைத்திருந்தார். பத்துப் பேர் அதே கதையைச் சொன்னதும் அதிகாரி பதினோராவது ஆளை நம்பவில்லை. அந்தப் பதினோராவது ஆளுக்கு அது உண்மையாகவே நடந்திருக்கலாம். இந்தச் சுழலை ஆய்வறிக்கையாக எழுதினால் பத்துப் பக்கம் வேண்டும். சோபாசக்தி மனுவையே முதலில் வைத்துவிட்டு, பிறகு வாழ்க்கையைச் சொல்கிறார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை வாசகன் தானே அளந்துகொள்கிறான்.

கிழக்கு முஸ்லிம்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கடவுச்சீட்டில் வயது கூட்டி வளைகுடாவுக்கு வீட்டுப் பணிக்குப் போன பிள்ளைகள் நம் கரையோரத்தில் எத்தனை பேர்! மூதூரின் ரிசானா நபீக் 1988 இல் பிறந்தவர். அவருடைய கடவுச்சீட்டு 1982 என்றது. 2005 இல் சவூதிக்குப் போன சில வாரங்களில், அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. பிறப்புப் பதிவின்படி அவரும் அப்போது சிறுமிதான். 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வறுமையிலிருந்து வெளியேற வழி திறந்த அதே பொய்த் திகதி, சிறுமி என்ற பாதுகாப்பை அவரிடமிருந்து பறித்தது. இதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. முரண்நகையில் 'நகை' என்ற சொல் இருந்தாலும், அது எல்லா இடத்திலும் சிரிப்பைக் கொண்டுவருவதில்லை.

தீபன்: பொய்க் குடும்பம், உண்மை அடுக்குமாடி

2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' தங்கப்பனை விருது பெற்றது. தலைமைப் பாத்திரத்தில் நடித்தவர் சோபாசக்தி. அவருடைய சொந்தப் பெயரான அந்தோனிதாசன் யேசுதாசன் என்ற பெயரில். படத்தின் கதை இது: தோற்றுப்போன போராளி ஒருவன், இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டை எடுத்துக்கொள்கிறான். முன்பின் தெரியாத ஒரு பெண், தாயை இழந்த ஒரு சிறுமி. மூவரும் குடும்பம் என்று சொல்லி பிரான்சுக்கு வருகிறார்கள். அங்கே அவனுக்குக் கிடைப்பது அடுக்குமாடித் தொகுதி ஒன்றின் பராமரிப்பு வேலை. அந்தத் தொகுதியை ஆள்வது போதைப்பொருள் விற்கும் இளைஞர் கும்பல்.

போரை விட்டு ஓடியவன் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் மாடிப்படி கூட்டுகிறான். பொய்யாகச் சேர்ந்த குடும்பம் மெல்ல உண்மையாகிறது. உண்மையென்று அவன் நம்பிய போரோ பெயர் இல்லாத நினைவாகிறது. நாடகமாகச் சொல்லப்பட்டாலும் இதன் பல பகுதிகள் புலம்பெயர்ந்த பலருக்கும் தெரிந்தவை. அகதிக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது, ஏற்கெனவே எல்லாரும் கைவிட்ட இடங்களில்தான். கோப்பை கழுவுதல், கடையில் தட்டு அடுக்குதல், இரவுத் துப்புரவு என்று ஊரில் யாரும் அறியாத வேலைகளைச் செய்தே அவர்கள் வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள்.

லொஸ் ஏஞ்சல்ஸ், ரொறன்ரோ

இந்த அனுபவம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கரான லூயிஸ் ரொட்ரிகெஸ் 1993 இல் எழுதிய 'ஆல்வேஸ் ரன்னிங்' என்ற நினைவெழுத்து, குடியேறிகளின் வறுமையும் இளைஞர் கும்பல் வாழ்வும் ஒன்றையொன்று எப்படித் தின்று வளர்கின்றன என்பதைக் காட்டும் நூல். மெக்சிகோவில் பாடசாலை அதிபராக இருந்த அவருடைய தந்தை, லொஸ் ஏஞ்சல்சில் ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்யும் ஊழியரானார். யாழ்ப்பாணத்து ஆசிரியர் பெற்றோல் நிலையத்தில் நின்றதையும், கல்முனைப் பட்டதாரி டோகாவில் சாரதியானதையும் அறிந்த நமக்கு இது விளக்கம் தேவையில்லாத இடம்.

பதினைந்து வயதில் தன் மகனும் ஒரு கும்பலில் சேர்ந்ததைக் கண்டே ரொட்ரிகெஸ் அந்த நூலை எழுதினார். தான் கண்ட சாவுகளை மகன் வாசித்தால் திரும்பிவிடுவான் என்பது எண்ணம். நூல் புகழ் பெற்றது. பின்னாளில் அவர் லொஸ் ஏஞ்சல்சின் அரசவைக் கவிஞராகவும் ஆனார். ஆனால் நூல் வெளிவந்த சில வருடங்களில் மகன் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். இன்னொரு பக்கம், பிள்ளைகளைக் காப்பதற்காக எழுதப்பட்ட அதே நூலை, பிள்ளைகளுக்கு ஆகாதது என்று அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் தடுக்க முயன்றார்கள்.

நம்மவர் நடுவிலும் கும்பல்கள் இருந்தன. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் மோதிக்கொண்ட இரண்டு தமிழ் இளைஞர் கும்பல்களின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று 'வீவீரி': வல்வெட்டித்துறையின் ஆங்கில முதலெழுத்துகள். மற்றது 'ஏகே கண்ணன்': துப்பாக்கியின் பெயரைத் தாங்கியது. போரிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் காணியை விற்று ஏஜென்சிக்குக் கட்டிய பெற்றோர் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர், பனி கொட்டும் ஸ்காபரோவில் ஊரின் பெயரையும் துவக்கின் பெயரையும் சூட்டிக்கொண்டு ஒருவரையொருவர் வெட்டினார்கள். 2001 அக்டோபரில் கனடியப் பொலிஸார் பெரும் சுற்றிவளைப்பு நடத்தி, பலரை நாடுகடத்தும் நோக்கோடு கைதுசெய்தார்கள். உயிராபத்து என்று ஏற்றுக்கொண்ட நாடு, ஆபத்தானவர் என்று திருப்பி அனுப்ப முயன்றது. அந்தக் கும்பல்களின் உள்ளே இருந்தவர் எழுதிய ஒரு நல்ல நினைவெழுத்து தமிழில் வந்தால், அது வாசிக்கவேண்டிய நூலாக இருக்கும்.

இந்தக் கரையின் முரண்கள்

முரண்நகை கல்முனைக்கு வெளியிலிருந்து வந்த சரக்கல்ல. கல்முனைக்குடியில் 1944 இல் பிறந்த எம்.ஏ. நுஃமான், 1981 இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். சிவில் உடையில் வந்த அரச காவலர் புத்தரையே சுட்டுக் கொன்றார்கள் என்பது அதன் கற்பனை. நூலகத்தை எரித்தவர்களைத் திட்டும் ஒரு வசைச்சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை. சாய்ந்தமருதின் ஆர்.எம். நௌஷாத் தன் நாவலுக்குக் 'கொல்வதெழுதுதல் 90' என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்துச் 'சொல்வதெழுதுதல்' ஒரே எழுத்து மாறி 1990 ஐச் சொல்லிவிடுகிறது. அக்கரைப்பற்றுக் கோளாவிலைச் சேர்ந்த விமல் குழந்தைவேலின் 'கசகறணம்', சந்தையில் அருகருகே இருந்து விற்ற தமிழ், முஸ்லிம் பெண்களின் உறவு எப்படி அறுந்தது என்பதை அந்த மண்ணின் பேச்சிலேயே சொல்கிறது.

புனைவுக்கு முன்னால் வரலாறே முரணாக நடந்த இடம் இது. 1989 இல் இந்தியப் படை வெளியேறத் தயாரானபோது, வடக்குக் கிழக்கெங்கும் இளைஞர்கள் வீதியிலும் ரியூசன் வாசலிலும் பிடிக்கப்பட்டு ஆயுதம் கொடுக்கப்பட்டார்கள். அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட படைக்குத் 'தொண்டர் படை' என்று பெயர். 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாள் கழித்து, ஓகஸ்ட் 12 அன்று, வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரு தரப்பும் பாதுகாப்பென்று நம்பிப் போன இடம் இறைவனின் வீடு. அதே வருடம் அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சொந்த ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் பேசியதும் தமிழ், வெளியேறியவர்கள் அழுததும் தமிழ்.

இவற்றைப் பற்றி அறிக்கைகள் உண்டு, கவிதைகள் உண்டு, நாவல்கள் உண்டு. அன்று பொடியனாக இருந்தவன், தமிழனோ முஸ்லிமோ, இயக்கத்திலோ ஊர்காவல் படையிலோ இருந்தவன், 'நான் அங்கே நின்றேன்' என்று எழுதியவை மிகக் குறைவு.

வாசகர் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

2009 க்குப் பிறகு போராளிகளின் நினைவெழுத்துகள் பெருகியிருக்கின்றன. அதற்கு முன்பே சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' 2003 இல் வந்தது. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் மறைந்த பின்னர் 2016 இல் வந்தது. இவற்றின் நடை வேறு. முரண்நகையை நம்பாமல் நேர்ச் சாட்சியமாகப் பேசுபவை. இரண்டு வகைக்கும் இடம் உண்டு. ஆனால் முரண்நகையோடு எழுதப்பட்டதை வாசிக்கும்போது மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது, சிரிப்பு யார்மீது விழுகிறது? எழுதுபவர் தன் இளமைக்கால மூடத்தனத்தையும் தன் தலைவர்களையும் பார்த்துச் சிரித்தால் அது நேர்மை. செத்தவர்களைப் பார்த்துச் சிரித்தால் அது பழைய வன்முறையின் தொடர்ச்சி.

இரண்டாவது, முரண்நகை ஒத்துக்கொள்ள உதவுகிறதா, நழுவ உதவுகிறதா? 'எல்லாம் கேலிக்கூத்து' என்று சொல்லிவிட்டால், எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நல்ல எழுத்து கேலியை ஒரு இடத்தில் நிறுத்தி, இதை நான் செய்தேன் என்று நேராகச் சொல்லும்.

மூன்றாவது, யார் இல்லை? பெடியனின் கதையில் பக்கத்து ஊர் முஸ்லிம் எங்கே? முஸ்லிம் ஊரின் கதையில் பக்கத்து ஊர்த் தமிழன் எங்கே? பெண்கள் சோறு சமைப்பவர்களாக மட்டும் வருகிறார்களா? வாசிக்கும் நூலில் ஒரு படுகொலை 'நடந்தது' என்று, செய்தவர் இல்லாத வசனமாக எழுதப்பட்டிருந்தால், அங்கே நிறுத்தித் திரும்ப வாசியுங்கள்.

ஏன் இது முக்கியம்

போரால் பாதிக்கப்பட்ட நாம் எல்லாரும் படிவங்களின் எழுத்தாளர்கள். இடம்பெயர்ந்தோர் பதிவு, சுனாமி நட்டஈடு, காணாமற்போனோர் விபரம், வெளிநாட்டிலென்றால் புகலிட மனு. ஒவ்வொரு படிவமும் நம் வாழ்க்கையில் தனக்குத் தேவையான துண்டை மட்டும் கேட்கிறது. நாமும் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அதுவே நம் கதையென்று நம்பத் தொடங்குகிறோம். மகனை இயக்கம் பிடித்ததா, ஆமி பிடித்ததா, தானாகப் போனானா என்பதற்கு ஒரு தாய் ஒவ்வொரு அலுவலகத்திலும் வெவ்வேறு பதில் சொல்ல நேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

படிவத்தில் இடமில்லாமல் வெளியே விழுந்த மிச்சத்தை எழுதுவதற்கான ஒரு வழி முரண்நகை. பெயர் சொன்னால் ஆபத்து இருந்த காலத்தில் அது ஒரு மறைப்பாகவும் உதவியது. இன்று அந்தக் காலத்துப் பொடியன்மார் ஐம்பதையும் அறுபதையும் தாண்டிவிட்டார்கள். கல்முனையிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும், லாச்சப்பலிலும் ஸ்காபரோவிலும், டோகாவிலும் அவர்கள் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மனுவில் எழுதிய கதையை அந்தப் பிள்ளைகள் ஒருநாள் கோப்புகளில் தேடி எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் விட்ட கதையை, அது தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பதிந்துவைத்தால்தான் உண்டு. அதைக் கேட்கும்போது இரண்டு ஊரிலும் போய்க் கேட்கவேண்டும்.